பாலில் கிடந்த பல்

மூன்றாவது குத்தில் க்விடோவின் முன்பல் தெறித்து, ஜெலெனோவ் மாளிகையின் பளிங்குத் தரையில் நாலு தடவை துள்ளி, ஹினெக்கின் பூட்ஸ் பக்கத்தில் வந்து நின்றது.

"விடுடா! போர்ஷெக், விடுடா அவனை!"

ஹினெக் கத்திக்கொண்டே போர்ஷெக்கின் முதுகில் தொங்கினான். தொங்கினான் என்பதுதான் சரி. போர்ஷெக் ஒயின் பீப்பாய்களைத் தனியாளாகப் புரட்டிப் பிழைப்பவன். சப்-இன்ஸ்பெக்டர் ஹினெக்கின் அறுபத்தைந்து கிலோ அவனுக்கு ஒரு குளிர்காலக் கோட்டுக்குச் சமானம். நாலாவது குத்து கன்னத்தில் விழுந்தது. க்விடோவால் முகத்தை மறைக்கவும் முடியவில்லை, அவன் கைகள் இரண்டும் கதவின் வெண்கலப் பிடியோடு சேர்த்து விலங்கு மாட்டப்பட்டிருந்தன. மாட்டியது சாட்சாத் ஹினெக்தான்.

"எங்கப்பன் மண்டையப் பொளந்துட்டு நிக்கிறான் பாரு! இவன என்ன, வெத்தலை பாக்கு வச்சா கூப்பிடணும்?"

ஐந்தாவது குத்துக்குக் கை ஓங்கியபோது ஒலிப்பதிவாளர் சிரில் குறுக்கே பாய்ந்து அந்தக் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நரைத்த தாடி, தொளதொள ஸ்வெட்டர், யாரோடும் அதிர்ந்து பேசாத மனிதர். "போர்ஷெக், தம்பி, வேண்டாம்ப்பா. அப்பா ஆத்மா சாந்தியடைய வேண்டாமா?" என்று அவர் சொன்னதும் போர்ஷெக் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"யாரும் காலை அசைக்காதீங்க."

வாசலில் போலீஸ் கேப்டன் ஒட்டிலியா நின்றாள். ஐந்தடி உயரம், ஐம்பத்திரண்டு வயது, காது மூடிய ரோமத் தொப்பி, அதன்மேல் பனி. அவள் குனிந்து பல்லை வேர்ப்பக்கம் தொடாமல் இரண்டு விரலால் எடுத்தாள்.

"ஹினெக், பால் கொண்டா."

"காபியில கலந்தா மேடம், தனியாவா?"

"பல்லுக்குடா, முட்டாள்! பால்ல போட்டா ஒரு மணி நேரம் உயிரோட இருக்கும். அதுக்குள்ள டாக்டர் திரும்ப நட்டுடுவார். என் பொண்ணு பனியில சறுக்கி விழுந்தப்ப அப்படித்தான் காப்பாத்தினோம்."

சிரில்தான் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பால் ஊற்றித் தந்தார். பல் சொட்டென்று உள்ளே போனது. மணி ஐந்து ஐந்து.

க்விடோ அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்து ரத்தம் சட்டை முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் எக்காளம் ஊதுகிறவன். விசைகள் ஏதும் இல்லாத பழங்காலத்து நீள எக்காளம். அதில் ஸ்வரம் எல்லாம் உதட்டிலும் அதற்குப் பின்னால் இருக்கும் முன்பல்லிலும்தான் பிறக்க வேண்டும். மாளிகையில் பிஷப்புகள் வாத்தியக்காரர்களை வைத்துச் சோறு போட்ட காலத்திலிருந்து அந்த இடத்தில் நின்று ஊதிய வரிசையில் கடைசி ஆள் அவன். அந்தப் பல் போனால் நாளை முதல் அவன் உருளைக்கிழங்கு விற்கப் போக வேண்டியதுதான்.

"பல் டாக்டர் வீடு எவ்வளவு தூரம்?" என்றாள் ஒட்டிலியா.

"வண்டியில ஏழு நிமிஷம். ஆனா மேடம், ஒரு சிக்கல்." ஹினெக் தொண்டையைக் கனைத்தான். "மாவட்ட அதிகாரி போன்ல சொல்லிட்டாரு. கொலைகாரன் மாளிகைய விட்டு ஒரு அடி நகரக் கூடாதாம். ஆறரைக்கு அவங்க வேன் வருதாம். பல்லாவது கில்லாவதுன்னாரு."

"கொலைகாரன்னு யார் முடிவு பண்ணினது?"

ஹினெக் தரையைப் பார்த்தான்.

"நான்தான் மேடம்."

"நான் ரேடியோக்காரங்களுக்குச் சொல்லணும், ராத்திரி கச்சேரி இல்லைன்னு" என்று சிரில் மெல்ல நகர்ந்து தன் பதிவு அறைக்குப் போனார். ஒட்டிலியா தலையசைத்தாள். டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "வா, நடந்ததைச் சொல்லு" என்று மண்டபத்துக்குள் நுழைந்தாள். போர்ஷெக்கும் எழுந்து பின்னால் வந்தான். அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்றான். அவனைத் தடுக்க அங்கே யாருக்கும் தெம்பு இல்லை.

மண்டபத்தில் குளிர் எலும்பைக் கடித்தது. அங்கே கணப்பு போடுவதில்லை. முந்நூறு வருஷத்துச் சித்திரக் கூரை வெடித்துவிடும் என்று பயம். மேலே மரத்தில் செய்து தங்கம் பூசிய குண்டுக் குழந்தைகள் குழலூதிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒரு துளை வழியாக இறங்கிய கயிற்றில், இருநூறு கிலோ சரவிளக்கு. அதற்கு நேர் கீழே மேடை. மேடையில், ஜன்னல் திரையால் மூடி, போர்ஷெக்கின் அப்பா லியோபோல்ட் காஷ்பர். திரைக்கு வெளியே வீணை மாதிரி மடியில் வைத்து மீட்டும் அவருடைய லூட் கிடந்தது, குடம் உடைந்து, இருபத்துநாலு குடல் நரம்பும் தலைவிரி கோலமாக.

"காலையில பத்து மணியிலேர்ந்து நான் இங்கதான். பேராயர் வர்றாருன்னு பந்தோபஸ்து" என்று ஆரம்பித்தான் ஹினெக். "பக்கத்து வாசல் ரெண்டையும் நானே பூட்டினேன், சாவி என் பையில. ஒத்திகை. கொடுமை மேடம். மத்தவங்க ஊதி முடிச்சுட்டு உக்காந்துடுவாங்க. இந்தக் காஷ்பர் மட்டும் சுருதி சேர்க்க மர முளையை, அந்தப் பிரடையை முறுக்குவாரு, டொய்ங், காதை வைப்பாரு, இன்னொண்ணை முறுக்குவாரு. ஒரு பாட்டுக்கு ஒன்பது தடவை. எண்ணினேன். க்விடோ கடுப்பாகி, 'யோவ், இன்னொரு தடவை முறுக்கினே, அந்தப் பரங்கிக்காயை உன் தலையிலயே உடைப்பேன்'னு கத்தினான். எல்லாரும் கேட்டாங்க."

"அப்புறம்?"

"மூணரைக்கு ஒத்திகை முடிஞ்சுது. நான் பூண்டு சூப் குடிக்கப் போனேன். நாலு மணிக்குத் திரும்பினா, கதவு சாத்தியிருக்கு, வெளியில சிரில் அண்ணன் நிக்கிறாரு. வாயில விரலை வச்சு, 'காஷ்பர் தனியா வாசிச்சுப் பாக்கறார், யாரையும் விடாதே'ன்னாரு. உள்ளேர்ந்து லூட் சத்தம். நாங்க ரெண்டு பேரும் கதவுல சாஞ்சு நின்னோம். அவரு கொலாச் ரொட்டி கொண்டு வந்திருந்தாரு, பிளம்ஸ் ஜாம் வச்சது. நான் அஞ்சு தின்னேன்."

"சாட்சியில அதையும் எழுதினியா?"

"மூணுன்னு எழுதினேன் மேடம்." அவன் முகம் சட்டென்று வாடியது. "நாலு நாப்பதுக்கு வாசிப்பு நின்னுது. அந்த நிமிஷமே க்விடோ வந்தான், காஷ்பர் ஐயா கூப்பிட்டாருன்னு போன்ல சேதி வந்துதாம். உள்ளே போனான். பத்து எண்ணியிருக்க மாட்டேன், அலறல். ஓடிப் போனா, இவரு ரத்தத்துல கிடக்கறாரு, அவன் இரும்புக் கைப்பிடியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான். சரவிளக்கை இறக்கற ராட்டினத்துக்கு மாட்டற கைப்பிடி."

"ஏன் எடுத்தான்னு கேட்டியா?"

"கேட்டேன். 'அவர் நெஞ்சு மேல கிடந்துச்சு, மூச்சு முட்டுமேன்னு எடுத்தேன்'னான்."

ஒட்டிலியா திரையைத் தூக்கிப் பார்த்தாள். நெற்றிக்கு மேல் மூன்று அடி. முதல் அடியிலேயே முடிந்துவிட்டது, மற்ற இரண்டும் ஆத்திரத்துக்கு. வந்திருந்த உள்ளூர் டாக்டரோ, "இந்த ஐஸ் பெட்டியில நேரம் சொல்ல நான் என்ன ஜோசியனா? மூணரைக்கும் நாலே முக்காலுக்கும் நடுவுல" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"மேடம், நாப்பது நிமிஷம் அவர் வாசிச்சதை நான் கேட்டேன். செத்தவன் வாசிக்க மாட்டான். வாசிப்பு நின்னப்புறம் உள்ளே போனது க்விடோ ஒருத்தன்தான். எனக்கே அவன் மூஞ்சியைப் பார்த்தா நம்பத் தோணலை. அவன் கல்யாணத்துல நான் ஆடியிருக்கேன். ஆனா என் காதை நான் என்ன பண்ண, கழட்டி வீசவா?"

ஊரிலேயே வாயாடி என்று பெயர் வாங்கியவனுக்கு அன்றைக்கு வாய் கசந்தது. அவன் போட்ட கையெழுத்து ஒருவனை இருபது வருஷம் உள்ளே தள்ளப் போகிறது. கொலாச் கணக்கைத் தவிர அந்தச் சாட்சியில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அதுதான் அவனை அறுத்தது.

மணி ஐந்து இருபது.

திரைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்த போர்ஷெக், உடைந்த லூட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். மர முளைகள் வரிசையாக நின்றன. "இந்தச் சனியனை முறுக்கி முறுக்கியே போயிட்டாரு" என்று தனக்குத்தானே பேசினான். "எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. கோயில்ல பாதிரியார், 'இவளைக் கட்டிக்கச் சம்மதமா'ன்னு கேட்டாராம். எங்கப்பா, 'ஒரு நிமிஷம், சுருதி சேர்த்துட்டுச் சொல்றேன்'னாராம். குளிர்ல குடல் நரம்பு சுருதி நிக்காது. மூணு நிமிஷம் வாசிச்சா ரெண்டு நிமிஷம் முறுக்கணும். இவரு ஆயுசுல பாதி அதுலயே போச்சு, ஐயோ, என்னைப் பெத்தவரே..."

ஒட்டிலியா அப்படியே நின்றாள். அவள் பார்வை திரையிலிருந்து லூட்டுக்குப் போனது. லூட்டிலிருந்து மேலே கூரைக்குப் போனது. திரும்பி வரும் வழியில், மேடை ஓரம் நின்ற மைக்கில் ஒரு கணம் தங்கியது. பிறகு ஹினெக்கின் காலரைப் பிடித்துத் தரதரவென்று தூரத்து ஜன்னல் மூலைக்கு இழுத்துப் போனாள்.

"மெதுவாப் பேசு" என்றாள் காதோடு. "காலையில ஒரு பாட்டுக்கு ஒன்பது தடவைன்னே. சாயங்காலம் கதவுக்கு வெளியில நின்னியே, நாப்பது நிமிஷம், அப்ப எத்தனை தடவை?"

"எத்தனை தடவை என்ன?"

"பிரடை முறுக்கினார். டொய்ங்."

ஹினெக் எண்ண உள்ளங்கையைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"ஒரு தடவை கூட இல்லை மேடம்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? தண்ணி மாதிரி ஓடிச்சு. காலையில தூக்கம் வந்தா இந்த டொய்ங் எழுப்பி விடும். சாயங்காலம் நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். சிரில் அண்ணன்தான் தட்டி எழுப்பி நாலாவது கொலாச் குடுத்தாரு. அட ஏசுவே..." அவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். "அது அவர் வாசிச்சது இல்லை!"

"அவர் வாசிச்சதுதான். எப்பவோ வாசிச்சது. இசைத்தட்டு."

"டிக்கெட் கவுண்டர்லயே விக்கறாங்களே, பரிசு வாங்கின தட்டு! அப்படின்னா அவரு நாலு மணிக்கு முன்னாடியே..."

"நீ பூண்டு சூப்பு குடிச்சுட்டிருந்தப்ப. இப்ப சொல்லு, சத்தம் எங்கேருந்து வந்திருக்கும்? மண்டபத்துல பெட்டி ஏதாவது இருந்துதா?"

"இண்டு இடுக்கு விடாமத் தேடினேன் மேடம். ஒரு எலிப்பொறிதான் கிடைச்சுது."

ஒட்டிலியா மேலே பார்த்தாள். ஹினெக்கும் பார்த்தான். சரவிளக்குக் கயிறு இறங்கிய துளை, ஒரு தண்ணீர்க்குடம் நுழையும் அளவுக்குக் கருப்பாக இருந்தது. அதற்கு மேலே பரண். பரணில் ராட்டினம். ராட்டினத்தின் கைப்பிடிதான் கீழே ரத்தத்தோடு கிடக்கிறது.

"நான் இப்பக் கொஞ்சம் சத்தமாப் பேசுவேன். நீ ஆமா போடு. பேசி முடிச்சதும் வேலைக்காரங்க படி வழியா ஓடு, நடக்காதே. கதவு பக்கத்துல இருட்டுல நில்லு."

"யாரைப் பிடிக்க மேடம்?"

"பரணுக்கு யார் வர்றாங்களோ அவங்களை."

அவள் மேடைக்கு நடந்தாள். மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று, சந்தையில் மீன் விற்கிறவள் மாதிரி தொண்டையைத் திறந்தாள். "ஹினெக்! அந்தக் கைப்பிடி பரண்ல இருக்க வேண்டியது. மேல போய் அந்தத் துளையைச் சுத்தி நல்லாத் தேடணும். ஆனா இந்தக் குளிர்ல இப்பவே போக வேண்டாம். முதல்ல போய்க் காபி குடி. ஒரு கால் மணி கழிச்சுப் போனாப் போதும்!"

"சரி மேடம்! காபியில பல் போட்டுக்கவா?"

"போடா!"

தொண்ணூற்றிரண்டு படி. சுழல் படி. ஹினெக் இரண்டிரண்டாகத் தாவினான். பாதியில் பூண்டு சூப்பும் ஐந்து கொலாச்சும் நெஞ்சுக்கு ஏறி வந்தன. பரண் கதவை அடைந்தபோதுதான் அவன் மண்டையில் உறைத்தது: மைக்கின் அடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததே! அந்த மைக்கின் மறுமுனை எங்கே இருக்கிறது?

இருட்டில் காத்திருக்க அவசியமே வரவில்லை. அவன் தள்ளிய கதவுக்குப் பின்னால், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி சிரில் நின்றார்.

"சிரில் அண்ணே..." என்றான் ஹினெக். கொலாச் கொடுத்த கை அது. தூங்கி விழாமல் தட்டி எழுப்பிய கை.

சிரில் டார்ச்சைத் துப்பினார். "கால் மணி ஆகும்னாளே உங்க மேடம்."

"எங்க மேடம் வாயில வர்றதை எல்லாம் நம்பக் கூடாதுண்ணே. எனக்கு மூணு வருஷமா சம்பள உயர்வுன்னு சொல்லிட்டிருக்காங்க. பெட்டியைக் கீழே வைங்க."

பெட்டி வந்தது. கீழே அல்ல, முகத்துக்கு. மூக்கெலும்பு உடைந்த சத்தம் ஹினெக்குக்கே கேட்டது. பின்னால் சாய்ந்தவனின் வயிற்றில் ஒரு உதை. அவன் உத்தரத்தில் மோதி, தவழ்ந்து, சிரிலின் காலைக் கவ்வி இழுத்தான். இரண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள். அதிர்ந்து பேசாத அந்த மனிதர் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஹினெக்கின் தலையைப் பிடித்துப் பலகையில் மோதினார், ஒரு தடவை, இரண்டு தடவை, ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு வார்த்தை.

"முப்பது! வருஷம்! என்! பேரு!"

"எதுக்குண்ணே... கிழவரைப் போய்..." ஹினெக்கின் வாயில் ரத்தம் கொப்பளித்தது.

"அவன் விரல் மரத்துப் போயிருந்த வருஷம்டா அது! அந்தத் தட்டுல வேகமா ஓடுறது ஒண்ணுகூட அவன் வாசிச்சது இல்லை. இன்னொருத்தன் வாசிச்சதை வெட்டி ஒட்டி நான்தான் பண்ணினேன், நான்! பரிசு, மெடல், ஜப்பான்லேர்ந்து கூட்டம், எல்லாம் என் கத்திரியால வந்தது. இன்னைக்குப் பேராயர் முன்னால எழுந்து உண்மையைச் சொல்லப் போறானாம். மனசாட்சியாம்! கும்பிட்டுக் கேட்டேன்டா. 'ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டு பிரடையை முறுக்கறான்!"

"சிரில்!" துளை வழியாக ஒட்டிலியாவின் குரல் வந்தது. "எல்லாம் கேக்குது. பெட்டியை விட்டுட்டு இறங்கி வாங்க."

சிரில் எட்டிப் பார்த்தார். ஆறு ஆள் ஆழத்தில், சரவிளக்குக்கு நேர் அடியில், ஒரு ரோமத் தொப்பி. அவர் யோசிக்கவே இல்லை. எழுந்து ராட்டினத்தின் தடுப்புக் கொக்கியை ஒரே உதையில் பெயர்த்தார்.

உருளை சுழன்றது. கயிறு சீறிக்கொண்டு இறங்கியது. இருநூறு கிலோ பித்தளையும் கண்ணாடியும் கிணுகிணுத்துக்கொண்டு விழத் தொடங்கின. ஹினெக் தன் லத்தியை ராட்டினத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே சொருகினான். அது வாழைத்தண்டு போல முறிந்தது. அடுத்து என்ன செய்தான் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். வீரம் எல்லாம் இல்லை, கையில் வேறு ஒன்றும் இல்லாததால் கையையே வைத்தேன் என்பான். கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவே இடது கை போனது. எலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. உருளை முனகி, முனகி, நின்றது.

கீழே, தொப்பிக்கு இரண்டு முழம் மேலே, சரவிளக்கு ஊஞ்சலாடியது. கண்ணாடித் துண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒரு துண்டு ஒட்டிலியாவின் கன்னத்தைக் கிழித்தது.

"ஹினெக்? உயிரோட இருக்கியா?"

"கைதான் போச்சு மேடம்! நீங்க முதல்ல அந்த இடத்தை விட்டு நகருங்க, திருஷ்டி கழிக்கற மாதிரி அங்கேயே நிக்காதீங்க!"

சிரில் கதவை நோக்கி ஓடினார். கதவு அங்கே இல்லை. கதவு இருந்த இடத்தை போர்ஷெக் அடைத்துக்கொண்டு நின்றான். மண்டபத்தில் அவனும்தான் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். தொண்ணூற்றிரண்டு படியை எப்படி ஏறினான் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஒரு கையால் சிரிலின் தொண்டையைப் பிடித்துத் தூக்கினான். கால்கள் தரையை விட்டன. இன்னொரு கை முகத்தில் இறங்கியது. பிறகு மறுபடியும் இறங்கியது. அப்படியே தூக்கிக்கொண்டு துளையின் விளிம்புக்கு நடந்தான். சிரிலின் தலை துளைக்குள் தொங்கியது.

"போர்ஷெக், வேண்டாம்டா! முதல்ல என் கையை எடுத்து விடுடா!" ஹினெக் அலறியது அவன் காதில் ஏறவே இல்லை.

கீழே ஒட்டிலியா தலையைத் தூக்கினாள். கன்னத்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போர்ஷெக், இப்ப மணி அஞ்சு நாப்பத்தொம்பது. பல் செத்துப் போக இன்னும் பதினாறு நிமிஷம் இருக்கு. டாக்டர் வீடு ஏழு நிமிஷம். இவனைத் தள்ளினா நான் உன்னைப் பிடிச்சுக் காகிதம் எழுத ஒரு மணி நேரம் ஆகும். நீ அடிச்சு விழுந்த பல்லுடா அது. கொலை பண்ணப் போறியா, பல்லைக் காப்பாத்தப் போறியா? சீக்கிரம் சொல்லு."

போர்ஷெக்கின் தோள்கள் ஏறி இறங்கின. துளை வழியாக அவன் பார்வை கீழே போனது. திரை மூடிய உடம்பு தெரிந்தது, அதன்மேல் கண்ணாடித் தூள். சிரிலின் விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

பிறகு சிரிலைச் சாக்கு மூட்டை மாதிரி பின்னால் எறிந்தான். ராட்டினத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே மூச்சில் அரைச் சுற்றுத் திருப்பினான். ஹினெக்கின் கை வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் ஹினெக் கண்ணை மூடிக்கொண்டான்.

க்விடோவின் கையிலிருந்து கழற்றிய விலங்கைச் சிரிலுக்கு மாட்டி, அவருடைய பதிவு அறையிலேயே பூட்டினார்கள். மாவட்ட வேனுக்கு ஒரு ஆள் வேண்டுமே, இருக்கட்டும். கதவைச் சாத்தும்போது ஒட்டிலியா சொன்னாள்: "காஷ்பர் பேர்ல க்விடோவுக்குச் சேதி அனுப்பி வரவச்சதும் நீங்கதான். நாப்பது நிமிஷத்துல ஒரு டொய்ங் விட்டிருந்தா நான் தோத்திருப்பேன், சிரில். ஆனா நீங்க இருமல், நாற்காலிச் சத்தம், பிரடைச் சத்தம் எல்லாத்தையும் முப்பது வருஷமா வெட்டி எறிஞ்சவர். அந்தச் சத்தம் உங்க காதுக்கு வாசிப்பாவே படலை, இல்லையா?"

சிரில் வீங்கிய கண்ணால் அவளைப் பார்த்தார்.

ஐந்து ஐம்பத்தாறுக்குக் கார் மாளிகை வாசலைத் தாண்டியது. ஸ்டியரிங்கில் ஒட்டிலியா. பக்கத்தில், மூக்கில் பஞ்சும் கையில் சுற்றிய மேஜை விரிப்புமாக ஹினெக், பல் டாக்டருக்குப் பிறகு எலும்பு டாக்டர் என்று முறை சொல்லியிருந்தாள். பின்னால் க்விடோ. அவனுக்கு அருகே போர்ஷெக், இரண்டு கையாலும் பால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு குழிக்கும் உள்ளங்கையால் டம்ளரை மூடினான். பீப்பாய் உருட்டுகிற கை அது.

பாலம் தாண்டியதும் போர்ஷெக்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"காலையில சண்டைன்னாங்களே."

"தினம் போடுற சண்டைடா" என்றான் க்விடோ. முன்பல் இல்லாமல் வார்த்தைகள் காற்றாக வந்தன. "பதினோரு வருஷமா போடுறோம். முடிஞ்சதும் ரெண்டு பேரும் போய் ஸ்லிவோவிட்சா சாராயம் குடிப்போம். இன்னைக்கு அவர் முறை, வாங்கித் தர வேண்டியது."

போர்ஷெக் தலையைக் குனிந்துகொண்டான். மூக்கை உறிஞ்சினான். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தத் தொண்டையிலிருந்து வருவதாக இல்லை. வேறொன்று வந்தது.

"மாளிகை வாத்தியக்காரன் செத்தா, குழியில இறக்கறப்ப எக்காளம் ஊதணும். அதானே வழக்கம்?"

க்விடோ தலையசைத்தான்.

"எங்கப்பாவுக்கு நீதான் ஊதணும்."

க்விடோ கையைத் தூக்கித் தன் வாயைக் காட்டினான்.

போர்ஷெக் அந்த ஓட்டையைப் பார்த்தான். பாலைப் பார்த்தான். பிறகு முன் இருக்கையை முழங்காலால் இடித்தான்.

"கேப்டன் அம்மா, இன்னும் வேகமாப் போங்க."